சத்தமாய்ப் பாடத் தெரியாதவர்

“அடிக்காதை ராசா, தடவு.”

ட்ரம்ஸ் வாசிக்கிறவனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? எங்கள் பாண்டில் கிற்றார் வாசித்துப் பாடிய அந்த மனிதர் எனக்குச் சொன்னதெல்லாம் இதுதான். பழகும்போது சொல்வார். கலியாண வீட்டு மேடையில், இரண்டு வரிக்கு நடுவில், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிச் சிரித்தபடி சொல்வார். ஒருமுறை நான் வீட்டு முற்றத்தில் இருந்து, வளைந்துபோன சைக்கிள் மட்கார்டைச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு வந்தவர் அதற்கும் அதையே சொன்னார்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய தங்கைமார் இருவரும் தொலைபேசி எடுத்து, அண்ணாவைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கேட்பார்கள். அவர்களும் அவரைப் போலவே மெதுவாகத்தான் பேசுவார்கள். காதைத் தீட்டிக்கொண்டு ஏச்சு வாங்க எனக்கு இந்த வயதில் பொறுமை இல்லை.

அவருக்குக் கச்சேரியில் வேலை. யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் அரசாங்கக் கந்தோர். அங்கே கிளாக்கர். கச்சேரியில் இருக்கிறார், கச்சேரி செய்யத்தான் தெரியாது என்று எங்கள் பேஸ் கிற்றார்காரன் யோகன் சொல்வான். அலுவலாக வந்து வாங்கில் காத்திருக்கும் சனத்தை இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முன்வரிசையில் இருப்பவருக்கே கேட்காது. என் ஐயா ஒரு காணி அலுவலாகப் போய், காலை முழுவதும் இருந்துவிட்டு, கூப்பிடவேயில்லை என்று கத்திக்கொண்டு வந்தார். மூன்றுதரம் கூப்பிட்டதாக அவர் பிறகு என்னிடம் சத்தியம் செய்தார். கூப்பிட்டிருப்பார். அதுதான் கொடுமை.

மெலிந்த, உயர்ந்த மனிதர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருக்கும். கிற்றாரை அவர் பிடித்திருப்பதைப் பார்த்தால், ‘கொஞ்சநேரம் வைத்திருங்கோ, வாறன்’ என்று யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள்போல இருக்கும். எங்களை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற குடும்பம். நானோ நீர்வேலி வாழைத்தோட்டக்காரரின் மகன். எங்கள் கோயில் திருவிழாவில் தவில் அடித்தால் நெஞ்சுக்கூடு அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த என்னை இந்த மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவன் யோகன்தான். அவனுக்கு நான் இன்னும் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

அவருக்குப் பிடித்தது எழுபதுகளின் ஆங்கிலப் பாட்டுக்கள். அதிலும் எல்லாம் அல்ல, மெதுவானவை மட்டும். கப்பலில் வேலை செய்த மச்சான் ஒருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுத்த கசெற்றுகள் ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய இருந்தன. மழை, கடற்கரை, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், விட்டுப் போன பெண், மன்னித்துவிட்ட ஆண்; இவ்வளவுதான் அந்தப் பாட்டுக்களின் விசயம். யாரும் யாரோடும் கோபிப்பதில்லை. மின்சாரப் பியானோ தண்ணீருக்குள் மணி அடிப்பது போல ஒலிக்கும். பின்னால் மூன்றுபேர் சேர்ந்து ‘ஊ’ என்று பாடினாலும் ஒருவர் மூச்சுவிடுவது போலவே இருக்கும். ட்ரம்ஸ் வாசிக்கிறவன் அந்த அறையில் இருக்கிறானா, தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டானா என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த மனிதனைப்போல நான் வாசிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

வெளிநாட்டு ட்ரம்ஸ்காரர்கள் மெதுவான பாட்டுக்குத் தடியை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் வாசிப்பதை ஏதோ படத்தில் பார்த்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அதற்கு எங்கே போவது? ஒருநாள் தென்னை ஈர்க்கைச் சின்னதாய் வெட்டி, நூலால் கட்டி இரண்டு கொண்டுவந்தார்.

“இதாலை வாசிச்சுப் பார்.”

“அண்ணை, இது விளக்குமாறு.”

“சின்ன விளக்குமாறு,” என்றார்.

அதை வைத்து வீட்டில் பழகிக்கொண்டிருந்தபோது ஐயா தோட்டத்தால் வந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இவ்வளவு படிச்சுக் கடைசியிலை உதைத்தானோ பிடிச்சிருக்கிறாய்? அப்ப முத்தத்தையும் ஒருக்காக் கூட்டிவிடு,” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைச் சாத்தினார். அந்தக் கோபத்தை நான் யாரிடம் காட்டுவது?

அவரிடமே காட்டினேன். யோகன் வீட்டு விறாந்தையில் பழகிக்கொண்டிருந்தோம். எண்பத்துநான்காம் ஆண்டாக இருக்கவேண்டும். ஒரே பாட்டை மாலை முழுவதும் தடவிக் களைத்துப்போய்க் கேட்டேன்.

“உதிலை என்னதான் அண்ணை இருக்கு? கேக்கிற சனம் நித்திரையாப் போகுது.”

“போகட்டுமன்,” என்றார். “ஒருத்தன் உனக்கு முன்னாலை நித்திரையாப் போறான் எண்டால், அவனுக்கு உன்னிலை பயமில்லை எண்டுதானே அர்த்தம்?”

“அண்ணை, நாங்கள் கலியாண வீட்டுக்கு வாசிக்கிறம். அவங்கள் ஆட வந்திருக்கிறாங்கள்.”

“மற்றப் பாட்டுக்காரர் சபைக்குப் பாடுறவை. இவை ஒரேயொரு ஆளுக்குப் பாடினம். மைக்குக்குக் கிட்ட வாயை வைச்சு, பக்கத்துக் கதிரையிலை இருக்கிற ஆளுக்குச் சொல்லுற மாதிரி. கேக்கிற ஒவ்வொருத்தனும் அந்த ஆள் தான்தான் எண்டு நினைக்கிறான். வேறை என்ன வேணும்?”

எனக்கு வேறு நிறைய வேண்டியிருந்தது. ஆனால் அவரோடு வாதாட முடியாது. நீங்கள் சத்தத்தைக் கூட்டினால் அவர் குறைப்பார். நீங்கள் இன்னும் கூட்டினால் அவர் இன்னும் குறைப்பார். கடைசியில் நீங்கள் மட்டும் ஒரு விசரனைப் போலக் கத்திக்கொண்டிருப்பீர்கள்.

யோகன் வீட்டுச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. முதலாளி வானொலியை முழுச் சத்தத்தில் விடுவார். முதன்முதல் அங்கே போனபோது இவர் முதலாளியிடம், “கொஞ்சம் குறைக்கேலுமோ?” என்று கேட்டார். முதலாளிக்கு அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியில் சீனியைக் குறைத்தார். இவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அடுத்தமுறையும் அப்படியே வந்தது. “இவர் சீனி குறைச்சுக் குடிக்கிறவர்” என்று முதலாளி பெருமையாக எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். அந்தக் கடை பூட்டப்படும்வரை, எத்தனையோ வருடம், கசந்த முகத்தோடு அந்தத் தேத்தண்ணியைக் குடித்தார். “ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன் அண்ணை!” என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். “பாவம், அந்த மனுசன் எனக்கெண்டு பாத்துப் போடுது,” என்பார். வானொலி தலைக்கு மேலே அலறிக்கொண்டேயிருக்கும்.

கொழும்புத்துறைக் கலியாணத்தைச் சொல்லாமல் விடமுடியாது. கடற்கரையோரம் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரடங்கு வரும் போகும் என்பதால் அந்த நாட்களில் விருந்தெல்லாம் பகலிலேயே முடிந்துவிடும். பெண்ணின் தாய்மாமன் வள்ளம் வைத்திருக்கும் மனிதர். நல்ல உடம்பு, நல்ல குரல். சாப்பாடு முடிந்ததும் சனம் கதிரைகளை ஒதுக்கி நடுவில் இடம் விட்டது. பைலா ஆட்டத்துக்கு எல்லோரும் தயார். எனக்குக் கை துடித்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு மழையில் விட்டுப்போன பெண்ணைப் பற்றிப் பாடத் தொடங்கினார்.

ஒரு பாட்டு முடிந்தது. சனம் பொறுத்தது. இரண்டாவதும் அப்படியே. தாய்மாமன் மேடைக்கு வந்தார்.

“தம்பி, உது செத்த வீட்டுப் பாட்டோ? பைலா ஒண்டு போடுங்கோ.”

“ஓம் ஐயா. இன்னும் ஒண்டு முடியட்டும்,” என்றார் இவர். மூன்றாவதையும் மெதுவாகத் தொடங்கினார்.

நான் பின்னாலிருந்து கெஞ்சினேன். யோகன் முறைத்தான். தாய்மாமன் இறங்கிப் போய், ஒலிபெருக்கிக்காரனைப் பிடித்து, எங்களுடைய மைக்கை நிறுத்திவிட்டுப் பைலாக் கசெற் ஒன்றைப் போடவைத்தார். பந்தல் அதிர்ந்தது. சனம் கூக்குரலோடு ஆடத் தொடங்கியது. நான் தடியைக் கீழே வைத்தேன். யோகன் கிற்றாரைக் கழற்றினான். இவர் மட்டும் நின்று பாடிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவருக்கே கேட்டிருக்காது. வாய் அசைந்தது, விரல் அசைந்தது, கடைசி வரியை நீட்டி முடித்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி என் காதுக்குள் வந்து கேட்டார்:

“ஏன் நிப்பாட்டினனீ? பாட்டு முடியேல்லையே.”

பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

எங்கள் பாண்டில் நான்காவது ஆள் ஜெயா. அவருடைய சேர்ச்சில் ஓர்கன் வாசித்த பெண். கலியாண வீடுகளுக்குத் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்து எங்களோடு கீபோட் வாசிப்பாள். அவர் தெரிந்தெடுக்கும் பாட்டுக்களில் எல்லாம் கீபோட்டுக்கு ஒரு நல்ல இடம் இருக்கும். அந்த இடம் வரும்போது அவர் கிற்றாரைத் தொடாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்பார். அது ஏனென்று எனக்குத் தெரியும், யோகனுக்குத் தெரியும், தேத்தண்ணிக் கடை முதலாளிக்கும் தெரியும். ஜெயாவுக்கு மட்டும் தெரியாது. அவள் அவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எண்பத்தாறில் அவளுக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பேசுவதாகக் கதை வந்தது. நான் அவரைச் சேர்ச் மதிலடியில் பிடித்தேன்.

“அண்ணை, இப்பவாவது போய்ச் சொல்லுங்கோ.”

“சொல்லிப்போட்டன்.”

எனக்கு நம்பமுடியவில்லை. “எப்ப?”

“போன கிழமை. ரெண்டாவது பாட்டிலை.”

“பாட்டிலையோ?”

“ஓம். அவளைப் பாத்துத்தான் பாடினனான். முழுப் பாட்டும்.”

நான் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அன்று பின்னேரமே ஜெயாவின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, போன கிழமை அவர் உன்னைப் பார்த்துப் பாடியது உனக்கு விளங்கவில்லையா என்று நேராகவே கேட்டேன். அவள் முகம் ஒருமாதிரிப் போனது.

“அவர் எல்லாத்தையும் அப்பிடித்தானே பாடுறவர்,” என்றாள். “கிறிஸ்மஸ் பாட்டையும் அப்பிடித்தான் பாடினவர். எனக்கு என்னண்டு தெரியும்?”

அவள் சொன்னதில் என்ன பிழை? வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் காதைத் தடவுவது போலவே பாடுகிறவர், உண்மையாகவே தடவவேண்டிய நாளில் என்ன செய்வார்? “அவரை வந்து வாயைத் திறந்து கேக்கச் சொல்லுங்கோ,” என்று வாசல்வரை வந்து சொன்னாள். நான் மிதித்த மிதியில் சைக்கிள் பறந்தது. சொன்னேன். அவர் சட்டை மாற்றிக்கொண்டு போனார். தகப்பனோடு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். லண்டனில் குளிர் எப்படி என்பதைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தார். ஊரிலேயே கலியாணம் முடித்துத் தை மாதம் ஜெயா போய்விட்டாள். கலியாணத்துக்கு முதல்நாள் விருந்தில் பாடியவரும் அவர்தான். நன்றாகப் பாடினார். அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம்.

பிறகு யோகனும் ஜெர்மனிக்குப் போனான். தொண்ணூறில் மின்சாரம் நின்றது; அதோடு பாண்டும் முடிந்தது. ஊரே இருட்டில் இருந்து அந்தரப்பட, இவர் ஒருவருக்குத்தான் சந்தோசம். ஒலிபெருக்கி இல்லை, கோயில் குழாய் இல்லை, சினிமாக் கொட்டகை இல்லை. “இப்பத்தான் ராசா சரியான சத்தம்,” என்று வெறும் கிற்றாரைத் தட்டிப் பார்த்துச் சொன்னார். தலைக்கு மேலே குண்டு போடுகிற பொம்மர் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் சொல்லுகிற கதையா அது?

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தை நடத்திக்கொண்டிருந்த இயக்கப் பொடியள், எழுச்சிப் பாட்டுக் கசெற்றுகள் வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த இளைஞர் ஒருவர் இவருடைய குரலைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். மறுப்பதென்பது லேசான காரியமில்லை. “ஓம் தம்பி,” என்றார் இவர். ட்ரம்ஸுக்கு என்னையும் வரச்சொன்னார்கள். உள்ளுக்குள் எனக்கு ஒரு மகிழ்ச்சி. வாழ்க்கையில் முதன்முறையாக அடிக்கப்போகிறேன்.

ஆட்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒரு பெரிய வீடு. சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெனரேற்றரைப் பின்வளவில் கிடங்கு வெட்டி இறக்கியிருந்தார்கள். பாட்டின் பல்லவியில் ‘எழு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். நான் தடியைத் தூக்கி, தவில்காரரையெல்லாம் நினைத்துக்கொண்டு, அடித்தேன். அந்த அடிக்குமேல் இவருடைய ‘எழு’ வந்து இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, ஆனாலும் பிள்ளை இன்னும் கொஞ்சம் படுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே எழுப்புகிற தாய் சொல்வாளே, அப்படி ஒரு ‘எழு’.

“அண்ணை, கொஞ்சம் வீரமாப் பாடுங்கோ,” என்றார் பொறுப்பாளர்.

“ஓம் தம்பி.”

மறுபடியும் அதே. இன்னொருதரம் எடுத்தார்கள். இன்னும் மோசம், இப்போது என் கையும் என்னையறியாமல் இளகத் தொடங்கிவிட்டது. பின்பாட்டுக்கு நின்ற இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தி பாடுவதை நிறுத்திவிட்டுச் சாக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறுப்பாளர் ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நீங்கள் நல்லாப் பாடுறியள்,” என்றார் கடைசியில். “ஆனா இதைக் கேட்டால் பொடியளுக்கு வீட்டை போகவேணும் போலை இருக்கும்.”

எங்களைப் போகச் சொன்னார்கள். வேறு யாரோ அந்தப் பாட்டைப் பாடினார்கள். வேறு யாரோ ட்ரம்ஸ் அடித்தார்கள். வரும் வழியெல்லாம் பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு அவரை ஏசினேன்.

“வேணுமெண்டே செய்தனீங்களோ?”

“என்னத்தை?”

“நடிக்காதைங்கோ அண்ணை. அவங்கள் பிழையா நினைச்சு ரெண்டு பேரையும் கொண்டுபோயிருந்தால் என்ன செய்திருப்பியள்?”

“எனக்கு வேறை மாதிரிப் பாட வராது ராசா.”

உண்மையா பொய்யா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் குரலில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் அந்தப் பொறுப்பாளர் தனியாக அவர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எங்களைக் கொண்டுபோக வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இருக்கச் சொல்லியும் இருக்காமல், வேலியோரம் பார்த்துக்கொண்டு நின்று கேட்டார்:

“அண்ணை, உங்களட்டை அந்த இங்கிலிஸ் பாட்டுகள் இருக்காம். ஒண்டு தருவியளோ? போற இடத்திலை கேக்கலாம்.”

இவர் உள்ளே போய்ப் பிஸ்கற் பெட்டியைக் கிண்டி ஒரு கசெற் எடுத்துவந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். “பற்றரி இருக்கோ தம்பி?” என்று கேட்டார். தம்பி இல்லையென்று சிரித்தார். இவர் மேசையில் இருந்த வானொலியைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, இரண்டு பற்றரியையும் எடுத்து அவர் கையில் வைத்தார். அவை என்னுடைய பற்றரி! ஒரு முழு இதரை வாழைக்குலை கொடுத்து நான் மாற்றியவை. பற்றரிக்குத் தடையிருந்த காலம். செய்தி கேட்பதற்கென்று இருவருக்குமாகச் சேர்த்து அந்த வானொலியில் போட்டுவைத்திருந்தேன்.

தம்பியின் சைக்கிள் ஒழுங்கை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கத்தினேன்.

“இனி நியூஸை என்னெண்டு கேக்கிறது?”

“நியூஸ் நாளைக்கும் இதைத்தான் சொல்லும்,” என்றார்.

அடுத்த மாரியில் அந்தத் தம்பியின் முகத்தைச் சந்திச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அஞ்சலிச் சுவரொட்டியில் கண்டேன். போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் மழைத்தூறலில் நின்று வாசித்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“ரெண்டாம் பக்கம் கேட்டிருப்பாரோ தெரியாது,” என்றார். “அதிலைதான் நல்ல பாட்டுகள்.”

அவ்வளவுதான். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். என்ன மனிதர் இவர் என்று அன்று எனக்கு வந்த எரிச்சலை என்னால் இன்றைக்கும் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. இரண்டுநாள் அவரோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருந்ததை அவர் கவனிக்கவும் இல்லை.

இப்போது நான் இருக்கிற ரொறன்ரோவில் அவருடைய பாட்டுக்கள்தான் எங்கும். மரக்கறிக் கடையில், பல் வைத்தியரிடம், தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கேட்கமாட்டோம் என்று மைக்கை நிறுத்திய பாட்டை இங்கே வெங்காயம் பொறுக்கிக்கொண்டு எல்லோரும் கேட்கிறார்கள். “நல்ல பாட்டு அப்பா,” என்கிறாள் என் மகள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதைக் கேட்க அவர் இருந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்; இருந்தால் அதற்கும் சும்மா சிரித்திருப்பார் என்பது ஞாபகம் வந்து இன்னும் கொஞ்சம் எரிகிறது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, மறுபடி கச்சேரியில் வேலை செய்து, சில வருடத்தில் ஒருநாள் நித்திரையிலேயே போய்விட்டார் என்று தங்கைமார் சொன்னார்கள். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லையாம். தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான் அவரைக் கடைசியாகக் கண்டது சாவகச்சேரியில்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே ஒழுங்கையாக வந்து தென்மராட்சியில் கொட்டுண்டு கிடந்த நாட்கள். அவர் தாயோடு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஐந்தாறு குடும்பங்களுக்கு நடுவில் இருந்தார். கிற்றாரைக் கொண்டுவரவில்லை. தாயை ஏற்றிய சைக்கிளில் அதற்கு இடமில்லை என்றார். எனக்கு மனைவியும் கைக்குழந்தையும். வன்னிக்குப் போய்விடுவதென்று முடிவெடுத்திருந்தோம். வள்ளமேறும் கிளாலிக் கடற்கரைக்குப் போகிற லொறி ஒன்றில் இடம் கிடைத்தது. சொல்லிக்கொண்டு வர எனக்கு நேரமில்லை. யாரோ சொல்லக் கேட்டு, மழைச் சேற்றில் நடந்து, லொறி நின்ற சந்தைப் பக்கமாக அவர் வந்துவிட்டார்.

நான் மேலே சாமான்களுக்கு நடுவில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெயில் ஓடுகிற லொறி. இயந்திரம் இருமி அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு லொறியும் உழவு இயந்திரமும். ஆட்கள் பெயர் சொல்லிக் கத்தினார்கள். பிள்ளையும் அழத் தொடங்கியது. அவர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, லொறியின் பக்கப் பலகையில் கையை வைத்து, என்னை அண்ணாந்து பார்த்தார். முழுக்கைச் சட்டை சேறாகியிருந்தது. மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருந்தது.

ஏதோ சொன்னார்.

“கேக்கேல்லை அண்ணை!” என்றேன்.

மறுபடி சொன்னார். கொஞ்சம் நீளமான ஏதோ. சொல்லும்போது கண் என்னை விட்டு விலகவில்லை. இப்படி அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. கேட்கிறார் என்று விளங்கியது. அந்த மனிதர் என்னிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறார். பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுமே கேட்காதவர்.

“சத்தமாச் சொல்லுங்கோ அண்ணை! ஐயோ, ஒருக்காலாவது சத்தமாச் சொல்லுங்கோ!”

நான் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். அதே சத்தத்தில், ஒரு மாத்திரை கூடாமல், அதே வசனத்தை மூன்றாவது தரமும் சொன்னார். வாய் அசைவது தெரிந்தது. இயந்திரம் அலறியது. லொறி ஒரு குலுக்குக் குலுக்கி நகரத் தொடங்கியது.

“ஓம் அண்ணை!” என்றேன். “ஓம், ஓம்!”

அவர் முகம் அப்படியே தெளிந்தது. பெரிய பாரமொன்றை இறக்கிவைத்த ஆளைப்போல, பலகையிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையையும் சேர்த்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். லொறி வளைவில் திரும்பும்வரை அந்தச் சேற்றுக்குள் சிரித்துக்கொண்டு நின்றார்.

என் மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் கேட்கவில்லை. தங்கைமாரிடம் கேட்டேன். அவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். எதற்கு ‘ஓம்’ என்றேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.